ஒளியைப் பங்கு போடும் பெட்டி!

சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்துக்குள் பாட்டியால் போக முடியுமா? கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி தருவதை வீட்டு டி.வி.யில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சேனலைத் தெருவில் 32 வீடுகளும் பார்த்தால்? ஒரே கேபிளில் நெரிசலாகிப் படம் அப்படியே நின்றுவிடாதா?

நிற்காது குட்டீஸ்! கறுப்புக் கேபிளுக்குள் தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழை இருக்கிறது. படம் அதில் ஒளித் துடிப்புகளாக ஓடி வருகிறது. வழியில் உள்ள சிறு பெட்டிக்குள் 'ஸ்ப்ளிட்டர்' இருக்கும். வந்த ஒளியை 32 கிளைகளாகப் பிரிப்பது அதுதான். இதற்கு மின்சாரமே வேண்டாம்!

அதனால் நிலையத்திலிருந்து அந்தச் சேனலை ஒரு முறை அனுப்பினாலே போதும். எல்லா வீட்டுக்கும் வந்துவிடும். இதை 'மல்டிகாஸ்ட்' என்பார்கள். ஆனால், ஆளுக்கொரு யூடியூப் வீடியோ பார்த்தால் 32 வீடியோக்களையும் தனித்தனியே அனுப்ப வேண்டும். ராத்திரியில் வட்டம் சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்!

பக்கத்து வீட்டு ஒளியும் உங்கள் மோடத்துக்கு வரும். எட்டிப் பார்க்க முடியாது. ரகசியக் குறியீட்டால் பூட்டியிருப்பார்கள்.

கரண்ட் போனால்? ஸ்ப்ளிட்டருக்குக் கவலையில்லை, வீட்டு மோடமும் டி.வி.யும்தான் அணைந்துவிடும். இழையை அதிகமாக வளைத்தாலோ ஒளி வெளியே கசிந்துவிடும். மோடத்துக்கு வரும் மெல்லிய வயரை மடக்கிச் சுருட்டி விளையாடினால், பாட்டிக்குத் தபசுக் காட்சி கிடைக்காது!