நெடுந்தீவு மணலில் ஒரு சிறு மோட்டார் சைக்கிள்

குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவை அடைந்து, பவளக்கல் மதில்களுக்கிடையேயுள்ள மணல் ஒழுங்கைகளில் இருவீச்சு எஞ்சின் பூட்டிய சிறு மோட்டார் சைக்கிளை முதன்முறையாக ஓட்டுபவர், அதன் இலேசைக் கண்டு விளையாட்டுப் பொருளென எண்ணிவிடுவார். நான்குவீச்சு எஞ்சினில் சுழலச்சு இருமுறை சுற்றினால் எரிபொருள் ஒருமுறையே வெடிக்கும்; இதிலோ சுற்றுக்கொரு வெடிப்பு. வால்வுத் தொகுதியும் இல்லையாதலால் பாரம் குறைவு. காட்டுப்பாதைக்கென 1968இல் வெளிவந்த யமஹா டிடி-1 இவ்வகையினதே.

மெதுவாகச் செல்லுகையில் சோம்பிக் கிடக்கும் இவ்வெஞ்சின், சுழற்சி ஏறியதும் திடீரெனச் சீறும். அவ்வேளை பிடியைச் சடுதியாக முறுக்கினால் பின்சக்கரம் மணலில் வழுக்கும். விழுமிடமோ கூரிய பவளக்கல்! பழகியோர் மிதிகளில் எழுந்து நின்று, உடலைச் சற்றே பின்சாய்த்து, சீராக முறுக்குவர். பிடியைத் தளர்த்தினாலும் வண்டி அவ்வளவாக வேகந்தணியாது. பிரேக்கையே நம்ப வேண்டும். பெற்றோலோடு ஒயிலும் சேராவிடின் பிஸ்டன் இறுகிவிடும். பெற்றோலும் ஒயிலும் கடல்கடந்தே வரவேண்டிய தீவில், புறப்படுமுன் ஒயிலைப் பார்த்துக்கொள்வது நன்று.