முள்ளிவாய்க்கால் கஞ்சியில் இல்லாதது: கொழுப்பு எதிரியா, உணவா?

அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. முள்ளிவாய்க்கால் கஞ்சி இவ்வளவுதான். 2009இல் அது எத்தனை உயிர்களைப் பிடித்து வைத்தது என்று ஒவ்வொரு மே மாதமும் பேசுகிறோம். அதில் என்ன இருக்கவில்லை என்று பேசுவது குறைவு. தேங்காய்ப்பால் இல்லை, எண்ணெய் இல்லை, மீனும் முட்டையும் இல்லை. கொழுப்பு கிட்டத்தட்ட இல்லாத உணவு அது.

ஒரு கிராம் மாச்சத்தோ புரதமோ 4 கிலோ கலோரி தருகிறது. ஒரு கிராம் கொழுப்பு 9 தருகிறது. ஆகவே வெறும் கஞ்சியால் வயிறு நிரம்பினாலும் உடல் மெலிந்துகொண்டே போகும். ஏ, டி, ஈ, கே விற்றமின்களை உடல் உறிஞ்சுவதற்குக் கொழுப்பு வேண்டும். குழந்தையின் மூளையும் நரம்புகளும் வளரவும் அது வேண்டும். லினோலெயிக், அல்பா லினோலெனிக் என்ற இரு கொழுப்பமிலங்களை உடலால் தானே உருவாக்க முடியாது. சாப்பாட்டில் இருந்துதான் பெறவேண்டும்.

போர்க்காலப் பட்டினி அன்றோடு முடிவதில்லை. 1944-45 குளிர்காலத்தில் நாசிப் படைகள் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தன. அப்போது ஆரம்ப மாதக் கருவாக இருந்தவர்களிடம், நடுவயதில் இதய நோயும் இரத்தக் கொழுப்புக் கோளாறும் கூடுதலாக இருந்ததை அம்ஸ்ரடாமில் நடந்த ஆய்வுகள் காட்டின. நமக்கும் அப்படியே நடக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் 2009இல் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதைக் கடக்கிறார்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 வருடங்கள் முந்தி வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கவனம் தேவை என்பது புரியும்.

அந்தக் கவனம் எங்கே பிசகுகிறது என்பதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் பார்த்தேன். வன்னியில் இருந்து வந்த அந்த அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. கொலஸ்ட்ரோல் கூட, கொழுப்பைக் குறையுங்கோ என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து வீட்டுக் கறியில் பால் இல்லை. ஒன்றரை வயதுப் பேரனுக்கும் அதே சாப்பாடுதான். ஆனால் பின்னேரம் கடையில் வாங்கும் ரோல்ஸும் வடையும் நிற்கவில்லை. “அது வீட்டில பொரிக்கிறேல்லைத்தானே தம்பி” என்றார்.

குறைக்கவேண்டியது ஒன்று, குறைத்தது வேறொன்று. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொழுப்பைக் கட்டுப்படுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள் இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கானவை: மொத்தக் கலோரியில் நிரம்பிய கொழுப்பு 10 சதவீதத்துக்குள், ட்ரான்ஸ் கொழுப்பு 1 சதவீதத்துக்குள், பெரியவர்களுக்கு மொத்தக் கொழுப்பு 30 சதவீதத்துக்குள்.

ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நிரம்பிய கொழுப்பின் எல்லை ஏறத்தாழ 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அது முடிந்துவிடும். போத்தலில் ‘கொலஸ்ட்ரோல் இல்லை’ என்று எழுதியிருப்பது உண்மைதான்; எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லத்தக்க அளவு கொலஸ்ட்ரோல் இல்லை. நம் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றுவது எண்ணெயில் உள்ள நிரம்பிய கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது பத்தில் எட்டுப் பங்குக்கு மேல், பாம் எண்ணெயில் பாதியளவு, நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு.

பாம் எண்ணெய் இறக்குமதியை 2021 ஏப்ரலில் அரசாங்கம் தடை செய்தபோது, தேங்காய் எண்ணெய் சுகாதாரமானது என்ற எண்ணமும் கூடவே பரவியது. நிரம்பிய கொழுப்பைப் பொறுத்தவரை கணக்கு நேர்மாறானது. ‘அப்பு ஆச்சி தேங்காய் சாப்பிட்டு நல்லாத்தானே இருந்தவை’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் சம்பலும் பாலும், பொரியல் அல்ல. வயலிலும் கடலிலும் நாள் முழுக்க வேலையும் செய்தார்கள். வெள்ளவத்தை அடுக்குமாடியில் அந்த வேலை இல்லை.

அதற்காகத் தேங்காயை ஒதுக்கவேண்டியதில்லை. பெரியவர்களுக்குக் கறியில் முதற்பாலைக் குறைக்கலாம். தாளிக்க நல்லெண்ணெய் பாவிக்கலாம். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் பொரித்ததையும், பகுதி ஐதரசனேற்றிய எண்ணெய் சேர்ந்த பண்டங்களையும் தவிர்க்கலாம். விலை கூடிய மீன் வேண்டாம். சூடையிலும் கும்பளாவிலும் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு.

பேரனின் சோற்றில் தேங்காய்ப்பாலோ ஒரு கரண்டி நெய்யோ திரும்ப வரட்டும். நிறுத்தவேண்டியது பின்னேரப் பொரியலை. பசியைக் கண்ட வீட்டில் பிள்ளைக்குப் பயந்து பயந்து சாப்பாடு போடும் நிலை இனியும் வேண்டாம்.