உறழ்ச்சியும் தேடற்கோவையும்

லகர ஈற்றின் முன் வல்லினம் வருமிடத்து அல்வழியில் அவ்வீறு இயல்பாயும் திரிந்தும் நிற்குமென்பதை நன்னூல் கற்றார் யாவரும் அறிவர். கல்குறிது என்பதும் கற்குறிது என்பதும் ஒருங்கே வழுவற்றனவாம். இதனை இலக்கணிகள் உறழ்ச்சி என்பர். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் கையாளும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் தேடற்கோவையினும் இத்தகைய உறழ்ச்சியொன்று உண்டு. இரு வடிவங்களுக்கிடையே | என்னும் நிலைக்கோட்டினை இட்டால், 'இதுவாயினும் அதுவாயினும் கொள்க' என்பது பொருள். இக்கோவைகளின் கணிதத்தை அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் கிளீனி வகுத்த கட்டுரை 1956-இல் அச்சாயிற்று. 1968-இல் கென் தாம்சன் அதனை உரைதேடும் முறையாக்கி வெளியிட்டார்.

நம் மொழியிற் சொல்லடைவு தொகுக்கப் புகுவார்க்கு இக்கோடு இன்றியமையாதது. ஒரு வடிவத்தைத் தேடாது விடின், உள்ள சான்றும் இல்லையென்றே முடிபு கட்டப்படும். திருவண்ணாமலையின் பெயரையே காண்போம். கணிப்பொறியிலுள்ள நூலொன்றில் அண்ணாமலை எனத் தேடினால் திருவண்ணாமலை அகப்படாது. உடம்படுமெய்யாகிய வகரம் வந்து அகரத்தோடு கூடிவிட்டதன்றோ! ஆதலின் (திருவ|அ)ண்ணாமலை என்று எழுதுதல் வேண்டும். பிறை அடைப்பினை நீக்கினால் கோடு கோவை முழுவதையும் இரண்டாகப் பிளந்துவிடும். அப்போது திருவள்ளுவரும் திருவரங்கமும் அழையா விருந்தினராய் வந்து நிற்பர். திருவாரூரும் உடன் வரும் என்பது வியப்பே. யூனிகோடு முறையில் வா என்பது வகரமும் காலும் தனித்தனிக் குறிகளாய் நிற்பதே அதன் காரணம்.

இக்காரணத்தால் நமக்கு வேறோர் இடரும் உண்டு. ஓரெழுத்து மட்டும் வேறுபடுமிடத்து ஆங்கிலத்தார் கோடிடாமல் சதுர அடைப்பினுள் எழுத்துக்களை அடுக்கி முடிப்பர். அவ்வழியே க[ல்ற்]குறிது என நாம் எழுதின் ஒன்றும் கிட்டாது. அவ்வடைப்பு ஒரு குறியை மட்டுமே கொள்ளும். ல் என்பதோ லகரமும் புள்ளியுமாகிய இரு குறிகள். க(ல்|ற்)குறிது என்பதே செவ்விது.

வரிசையும் கருதற்பாலது. திருவண்ணாமலையை அடுத்துள்ளது வேங்கிக்கால். கீழைச் சாளுக்கியர் ஆண்டது வேங்கி நாடு. வேங்கி|வேங்கிக்கால் என்று எழுதினால், பைத்தான், பெர்ல் முதலிய மொழிகள் இடப்பக்கத்தது பொருந்திய அளவில் அமைந்துவிடும். நம் வேங்கிக்கால் காலிழந்து ஆந்திர நாட்டுக் கணக்கில் ஏறிவிடும்! வேங்கிக்கால்|வேங்கி என நெடியதனை முன் வைத்தல் முறை. கிரெப், ஆக் என்னும் கருவிகளோ எவ்வாறு எழுதினும் நெடியதனையே தேர்ந்து கொள்ளும்.