இங்கிலாந்தில் ஸாலிஸிடர் பயிற்சியும் உத்தியோக விசாவும்

இங்கிலாந்தில் ஸாலிஸிடராக விரும்பும் அயல்நாட்டு மாணாக்கர் கடக்க வேண்டிய வாயில்கள் இரண்டு. ஒன்று சட்டத் தொழிலுக்குரியது. மற்றொன்று அந்நாட்டில் தங்கி உழைக்கும் உரிமைக்குரியது. ஒன்றின் திறவுகோல் மற்றொன்றைத் திறவாதென்பதையே நாம் ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

தொழிலின் வாயில் அகன்றது. 2021-ஆம் ஆண்டில் ஏற்பட்ட முறைப்படி, பட்டம் பெற்றோர் இரு பகுதிகளாலாய ஸாலிஸிடர் தகுதிப் பரீட்சையில் தேறி, ஈராண்டு அனுபவமும் பெறுதல் வேண்டும். அவ்வனுபவத்தை நான்கு நிலையங்கள் வரையிற் பெறலாம். ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவி நிலையத்தில் ஊதியமின்றி உழைத்த காலமுங்கூடக் கணக்கிற் சேரும்.

உத்தியோக விசாவோ அத்தகையதன்று. அரசாங்க உரிமம் பெற்ற நிறுவனமொன்று பொறுப்பேற்றுச் சான்றளித்தாலன்றி அது கிட்டாது. 2025 ஜூலை 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த விதிப்படி, பொதுவான வருஷச் சம்பள வரம்பு 41,700 பவுன். அவ்வேலைக்கென வகுத்த விகிதம் அதனினும் மிகுமாயின் அதுவே அளவு. தொழில் தகுதிக்குப் பயில்வோர்க்கு அவ்வரம்பு 33,400 பவுனாகக் குறையும். வகுத்த விகிதத்திலும் நூற்றுக்கு எழுபது பெற்றாற் போதும்.

ஆயினும், இச்சலுகைக்கு எல்லை நான்காண்டே. படிப்பு முடிந்தபின் பெறும் பட்டதாரி விசாவிற் கழித்த காலமும் அந்நான்காண்டிற் கழியும். அதில் ஈராண்டைச் செலவிட்டவர்க்கு எஞ்சுவது ஈராண்டே; பயிற்சிக்கு வேண்டுவதும் ஈராண்டே. இடையில் ஒரு பரீட்சை தவறினும் ஈடுசெய்ய அவகாசமிராது.

ஆதலின், வேலையை ஒப்புக்கொள்ளுமுன் அந்நிறுவனத்திற்கு உரிமம் உண்டா, சம்பளம் எவ்வளவு, பயிற்சி முடியுமளவும் பொறுப்பேற்குமா என்னும் மூன்றையும் எழுத்து மூலமாகக் கேட்டறிதல் மாணாக்கர் கடனாம்.