சென்னையில் பிறந்த சக்தி

கணினியின் மூளையான சிப்பை வடிவமைப்பது ஒரு வேலை. அதைச் சிலிக்கானில் செய்து எடுப்பது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலையை மாணவர்கள் திரைமுன் உட்கார்ந்தே முடித்துவிடலாம். இரண்டாவதற்குப் பெரும் முதலீட்டில் கட்டிய ஆலை வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ நுண்செயலி இந்தத் தடையைக் கடந்தது கூட்டு முயற்சியால்தான். பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு வடிவமைத்தது. அதன் அடித்தளம், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி. அதற்கு யாரும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை.

2018இல் 300 சிப்புகளை அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலை 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்து கொடுத்தது. அதே ஆண்டு, மொகாலியில் உள்ள நம் அரசின் செமிகண்டக்டர் ஆய்வகம் 180 நானோமீட்டரில் இன்னொன்றை உருவாக்கியது. 180 நானோமீட்டர் பழைய நுட்பம்தான். ஆனால் விண்வெளிப் பயன்பாட்டுக்கு வேகத்தைவிட நம்பகத்தன்மையே பெரிது என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2025இல் சக்தியின் அடிப்படையில் இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஐரிஸ்’ சிப்பும் மொகாலியில்தான் பிறந்தது. கர்நாடகத்தில் அதற்கு உறையிட்டார்கள். குஜராத்தில் சர்க்யூட் போர்டு தயாரானது. சென்னையில் பாகங்களைப் பொருத்தி, ஐ.ஐ.டி.யிலேயே இயக்கிப் பார்த்தார்கள். முழுக்க இந்திய மண்ணில் நடந்த இந்தத் தொடர் பெருமைக்குரியது.

மின்னணுவியல் படிக்கும் தம்பி, தங்கைகளே! சக்தியின் வடிவமைப்பு நிரல்கள் இணையத்தில் அனைவருக்கும் திறந்தே இருக்கின்றன. இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.