வீடு வாங்குமுன் கட்டடத்தைப் பரிசோதியுங்கள்

நூல் வாங்கும் நெசவாளர் சிட்டத்தை முறுக்கிப் பார்த்து, இழையை இழுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுகிறார். உழவு மாடு வாங்கும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, சுழியும் பார்த்துத்தான் கயிற்றைக் கையில் வாங்குகிறார். ஆனால் ஆயுட்காலச் சேமிப்பையும் அதற்குமேல் கடனையும் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும், ஒரு மாலைப் பொழுதில் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்து விடுகிறோம். புதிதாக அடித்த வர்ணம் கண்ணை மயக்கிவிடுகிறது.

பத்திரம் வேறு, கட்டடம் வேறு

வில்லங்கச் சான்று, பட்டா, மூலப் பத்திரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டும் நல்வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அது அவசியமே. ஆயினும் அந்த ஏடுகள் வீடு யாருக்குச் சொந்தம் என்பதைத்தான் கூறும். சுவர் நிற்குமா என்பதைக் கூறா. கடன் கொடுக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரும் கடனுக்கு ஈடாகுமா என்றே முக்கியமாகப் பார்க்கிறார். தரகருக்கோ வியாபாரம் முடிந்தால்தான் தரகு. ஆகவே வாங்குபவரின் நன்மையை மட்டும் கருதிக் கட்டடத்தைப் பார்ப்பவர், அவர் தாமே கூலி கொடுத்து அமர்த்தும் பொறியாளர் ஒருவரே.

அனுமதி பெற்ற கட்டடமாயிற்றே எனச் சிலர் கேட்கலாம். சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி இடிந்து 61 உயிர்களைக் கொண்ட பதினொரு மாடிக் கட்டடமும் திட்ட அனுமதி பெற்றதே. மாண்டவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வந்த ஏழைத் தொழிலாளிகள். அருகிலிருந்த அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2-இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அங்கே வீடு வாங்கப் பணம் கட்டியிருந்த குடும்பங்களின் கனவும் அத்துடன் மண்ணாயிற்று. அனுமதிச் சீட்டு அஸ்திவாரத்தைத் தாங்காது என்பதே அதன் பாடம்.

நம் மண்ணும் நம் நீரும்

மதுரைச் சமவெளியில் மண் ஒரே தன்மையுடையதன்று. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கங்களில் கரிசல் மிகுதி. பருத்திக்கு உற்ற தோழனான இம்மண் வீட்டுக்குப் பொல்லாதது. மழையில் ஊதிப் பெருக்கும். கோடையில் சுருங்கி வெடிக்கும். ஆழமற்ற அஸ்திவாரம் அதனுடன் ஏறி இறங்க, கதவு நிலை, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்புகள் ஓடும். ஆழமான கரிசலில், அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களைச் சுமார் 3.5 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் இறக்குவது வழக்கம். அவ்வாறு செய்யப்பட்டதா என்பதை வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

நகரத்தினுள் நீரின் கணக்கு வேறு. மதுரையைச் சுற்றிலும் கண்மாய்களும் வாய்க்கால்களும் பின்னிக் கிடந்தன. அவற்றில் பலவற்றின் மீது இன்று மனைகள் நிற்கின்றன. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த பெருமழையில் செல்லூர்க் கண்மாயின் நீர் பந்தல்குடி வாய்க்காலில் அடங்காமல் பெருகி வீடுகளுக்குள் புகுந்தது. குழித்தறி போட்டிருக்கும் வீட்டில் தண்ணீர் முதலில் குழியைத்தான் தேடிச் செல்லும். பாவும் பிழைப்பும் ஒன்றாக நனையும். எனவே வீட்டைக் கோடையில் பார்த்ததோடு நில்லாமல், மழைக்காலத்தில் ஒருமுறை பார்ப்பதும், அண்டை வீட்டாரை விசாரிப்பதும் நலம். தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் எச்சரிக்கை கொள்க.

எவற்றைப் பார்க்க வேண்டும்?

பொறியாளர் மாடித் தளத்தில் தொடங்குவார். தட்டோடுகளின் இடையே விரிசல் உண்டா, மழைநீர் தேங்குகிறதா, கூரையின் அடிப்புறத்தில் ஈரக்கறை உண்டா என நோக்குவார். கான்கிரீட்டினுள் உள்ள கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொண்டு மேற்பூச்சைப் பிளந்து தள்ளும். அங்கே சிமெண்டு பூசி மறைத்திருந்தால், தட்டிப் பார்க்கையில் வெற்றொலி கேட்கும். ஐயமிருப்பின் கான்கிரீட்டின் உறுதியை உடைக்காமலே அளக்கும் கருவிகளும் உண்டு.

பழைய கட்டுமானத்தில், உத்திரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மதராஸ் தளம் இருப்பின், கட்டையின் முனைகள் சுவருக்குள் உளுத்திருக்கின்றனவா, கறையான் ஏறியதா என ஆராய்வர். சுவரின் அடியில் உப்புப் பொரிந்திருந்தால் நிலத்தின் ஈரம் ஏறுகிறது என்பது பொருள். வெடிப்பு பழையதா, இன்னும் நகர்கிறதா என்று அறிய அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பது எளிய முறை. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என அறியலாம். மின்கம்பிகள், கழிவுநீர்த் தொட்டி, ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஆகியவையும் பட்டியலில் அடங்கும். முடிவாக, குறைகளையும், பழுது நீக்க ஆகும் உத்தேசச் செலவையும் எழுத்தில் பெறுதல் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, தாம் அறிந்ததும், வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறைகளை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும். இதன் மறுபக்கத்தை மறவாதீர்கள்: கவனித்தால் தெரிந்திருக்கும் குறைக்குப் பின்னர் விற்பவரைக் குறை கூறுவது கடினம். 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம், வீட்டை ஒப்படைத்த நாள் தொட்டு ஐந்து ஆண்டுக்குள் வெளிப்படும் கட்டுமானக் குறையைக் கட்டியவரே இலவசமாகச் சீர்செய்யப் பணிக்கிறது. ஒருவர் தாம் குடியிருந்த பழைய வீட்டை விற்கும்போது இப்பாதுகாப்பு கிட்டாது.

ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பர் முதல், வீட்டை விற்பனைக்கு வைப்பவர் பொதுவாகத் தகுதி பெற்ற மதிப்பாய்வாளரின் அறிக்கையை முன்னதாகவே தயாரித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் அத்தகைய விதி இல்லை. ஆகவே பொறுப்பு வாங்குபவருடையதே.

சங்கங்கள் செய்யக்கூடியது

தனி ஒருவருக்குப் பொறியாளரின் கட்டணம் பாரமாகத் தோன்றலாம். கூட்டுறவு என்பதே பாரத்தைப் பகிர்வதற்குத்தானே! அங்கத்தினர் பலருக்கும் பொதுவாகச் சங்கம் ஒரு பொறியாளருடன் கட்டணம் பேசி முடிக்கலாம். வீட்டுக் கடன் கோருவோரிடம் அவரது அறிக்கையையும் கேட்கலாம். அவர் விற்பவரிடமோ தரகரிடமோ ஒரு காசும் பெறாதவராயிருத்தல் முக்கியம். விலை உடன்படிக்கையிலும், “பரிசோதனையில் பெருங்குறை காணின் முன்பணம் திரும்பத் தரப்படும்” என்ற வாசகத்தை எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் அதற்கு இணங்க மறுத்தால், அம்மறுப்பே ஓர் எச்சரிக்கை.

குறையுள்ள வீட்டையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்பதன்று. குறையை அறிந்து, விலையைக் குறைத்து, பழுது பார்த்துக் குடியேறலாம். அறியாமல் வாங்குவதுதான் ஆபத்து. அங்கத்தினர்களே, முன்பணம் கைமாறுமுன் ஒரு வாரம் பொறுங்கள். அந்த ஒரு வாரம் ஓர் ஆயுள் உழைப்பைக் காக்கும்.