கடல் ஓவியரின் தரைப் படங்கள்

இவான் ஐவசோவ்ஸ்கி என்றால் கடல்தான். கருங்கடல் ஓரத்து ஃபியோடோசியாவில் 1817இல் பிறந்த ஆர்மீனியர். 1844 முதல் ரஷ்யக் கடற்படையின் ஓவியர். கிட்டத்தட்ட 6,000 படங்கள் வரைந்தார் என்பார்கள். அந்தக் குவியலுக்குள் பாலைவனமும் புல்வெளியும் காபிக்கடையும் இருக்கின்றன. அந்தப் பக்கம் அருமையானது.

1869இல் சூயஸ் கால்வாய் திறப்புக்கு எகிப்து போனார். கீசாவின் பெரிய பிரமிடு படத்தில் இருக்கும் ஆண்டோ 1871. ஏன் இந்த இடைவெளி? அவர் எதிரே பார்த்து வண்ணம் தீட்டுகிறவர் இல்லை. அலையும் மின்னலும் ஓவியருக்காக நின்று காட்டாது என்பது அவர் கட்சி. போன இடத்தில் பென்சிலால் சில கோடுகள் போதும். மீதியை ஞாபகம் பார்த்துக்கொள்ளும். ஊர் திரும்பியதும் முதலில் வானம், அதுவும் ஒரே மூச்சில். வெளிச்சம் வரும் திசை முடிவான பிறகுதான் மற்றதெல்லாம்.

கடலில் பழகிய இந்த முறை மணலுக்கும் அப்படியே பொருந்திவிட்டது. இரண்டிலும் பார்வையை மறிக்க மரமோ சுவரோ கிடையாது. கடல்மேல் ஈரக்காற்று செய்கிற வேலையைப் பாலையில் தூசி செய்கிறது. தூரத்துப் பொருளின் விளிம்பைக் கரைத்துவிடுகிறது. விளிம்பு அப்படிக் கரைவதைக் காட்ட, அடிநிறம் தெரியும்படி மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவார்.

எனக்குப் பிரமிடைவிடப் பிடித்தவர்கள் சுமாக்குகள். கிரிமியாவின் உப்பையும் கருவாட்டையும் மாட்டுவண்டியில் ஏற்றி உக்ரைன் புல்வெளி தாண்டி விற்றுவந்த வியாபாரிகள். கடலின் விளைச்சல் தரைவழியே போவதை ஒரு கடல் ஓவியர் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்! கான்ஸ்டான்டினோபிளில் ஒர்தாகோய் மசூதிப் பக்கத்துக் காபிக்கடையை 1846இல் வரைந்தபோதும் தண்ணீரோரம்தான்.

இந்தத் தரைப் படங்களில் ஆட்கள் சின்னதாக இருப்பார்கள். மனித உருவம் அவருடைய பலம் இல்லை, அது அவருக்கே தெரியும். கடலிடம் விடைபெறும் கவிஞர் புஷ்கினை வரைய வேண்டியிருந்தபோது, கடலைத் தான் வைத்துக்கொண்டு புஷ்கினை ஓவியர் இலியா ரேபினிடம் விட்டுவிட்டார். ஆகவே முகபாவத்தைத் தேடாதீர்கள். நிழல் எவ்வளவு நீளம், தூசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பொழுது எவ்வளவு ஆயிற்று, காற்று எங்கிருந்து வீசுகிறது என்பது வரை பிடிபடும்.